ரெய்டு 1: புதிய வட்டைச் சேர்த்தாலும் மறுகட்டமைப்பு 71.4 சதவீதத்திலேயே நின்றுவிடுகிறது

சாட்ஸ்வொர்த் பள்ளிக்கணினி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். டர்பனில் சாட்ஸ்வொர்த் பகுதியில் நடக்கும் ஒரு சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் கணினியை நான் தன்னார்வமாகக் கவனித்து வருகிறேன். லினக்ஸில் எனக்கு அன்றாடப் பழக்கம் உண்டு, ஆனால் வட்டு அணிகளைப் பற்றி ஆழமாகப் படித்தவள் அல்ல. ஆகவே நான் எங்கேனும் தவறாகச் சொன்னால் தயங்காமல் திருத்துங்கள்.

அந்தக் கணினியில் 2 டெராபைட் வட்டுகள் இரண்டு, லினக்ஸின் மென்பொருள் ரெய்டு 1 முறையில், ஒன்றின் படியாக மற்றொன்று இருக்கும்படி இணைக்கப்பட்டுள்ளன. 2013-ல் டெபியன் 7 என்ற லினக்ஸ் பதிப்பை நிறுவியபோது உருவாக்கிய அணி அது. பிறகு இயங்குதளத்தை மட்டும் அவ்வப்போது புதுப்பித்தோமே தவிர, அணியைத் தொடவே இல்லை. இரண்டு வட்டுகளும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கியவை. பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேடுகளை வருடிய (ஸ்கேன் செய்த) படங்களும், கேசட்டிலிருந்து மாற்றிய தெருக்கூத்துப் பதிவுகளும், எங்கள் ஊர் ஆயாமார் பாடிய தாலாட்டு, ஒப்பாரிகளும் அதில்தான் இருக்கின்றன. பாடியவர்களில் பெரும்பாலோர் இப்போது இல்லை. கேசட்டுகள் பலவும் பூஞ்சை பிடித்துப் போய்விட்டன.

போன வாரம் தற்செயலாக அணியின் நிலையைப் பார்த்தபோது, இரண்டில் ஒரு வட்டுதான் வேலை செய்கிறது என்று தெரிந்தது. பதிவைப் பின்னோக்கிப் புரட்டியதில், எஸ்டிபி என்ற வட்டு பிப்ரவரி 22 அன்றே அணியிலிருந்து வெளியேற்றப்பட்டிருக்கிறது. ஏறக்குறைய நான்கு மாதங்கள் ஒற்றை வட்டில் ஓடியிருக்கிறோம். எச்சரிக்கை மின்னஞ்சல் ரூட் என்ற நிர்வாகிக் கணக்குக்குப் போய்க்கொண்டிருந்தது, அதை யாரும் திறப்பதில்லை. இது என் பொறுப்பு, மறைக்க விரும்பவில்லை.

எஸ்டிபி பழுதாகிவிட்டது என்று எண்ணி அதைக் கழற்றி இழுப்பறையில் வைத்துவிட்டு, அதே அளவுள்ள புதிய வட்டு ஒன்றை வாங்கி மாட்டி, பிரிவு அட்டவணையைப் படியெடுத்து, அணிகளை நிர்வகிக்கும் எம்டிஏடிஎம் நிரல் வழியாக அணியில் சேர்த்தேன். மறுகட்டமைப்பு ஒழுங்காகத் தொடங்கியது. மூன்றரை மணி நேரம் கழித்து 71.4 சதவீதத்தில் நின்றுவிட்டது. புதிய வட்டு உதிரி என்ற நிலைக்குப் போய்விட்டது. அதை நீக்கிவிட்டு மறுபடி சேர்த்தால் முதலிலிருந்து தொடங்கி, அதே 71.4-ல் மறுபடியும் நிற்கிறது. மூன்று முறை முயன்றாகிவிட்டது. புதிய வட்டே குறையுள்ளதோ என்று ஐயப்படுகிறேன். கடையில் மாற்றித் தரச் சொல்லலாமா, அல்லது நான் வேறெதையேனும் கவனிக்கத் தவறிவிட்டேனா?

ஃபீனிக்ஸ் கம்பியும் கருவியும் எழுதியது:

வணக்கம் அக்கா. புதிய வட்டைக் கடைக்குத் திருப்பிக் கொடுக்கும் முன் சிலவற்றைப் பார்த்துவிடுங்கள். முதலாவது, புதிய வட்டில் செக்டர்கள், அதாவது 512 பைட் துண்டுகள், எத்தனை என்பது. 2 டெராபைட் வட்டுக்குப் பொதுவாக 3907029168 செக்டர்கள் இருக்கும். குறைவாக இருந்திருந்தால் சேர்க்கும்போதே மறுத்திருக்கும் என்பதால் இது காரணமாக இருக்க வாய்ப்பில்லை. இரண்டாவது, அது தடங்களை ஓடு வேய்வது போல ஒன்றன்மேல் ஒன்றாக எழுதும் வகையைச் சேர்ந்ததா என்பது. அத்தகைய வட்டுகள் தொடர்ந்து எழுதும்போது திணறி நேரம் கடத்தும். வீட்டுச் சேமிப்புப் பெட்டிகளுக்கென்றே விற்கப்பட்ட சில வட்டுகளும் அந்த வகைதான் என்பது 2020-ல் வெளிவந்து பெரிய விவாதம் ஆனது. ஆனால் அப்படித் திணறும் வட்டு ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் நிற்கும். உங்களுடையது ஒரே இடத்தில் நிற்கிறது. அதுதான் எனக்கு இடிக்கிறது.

நின்ற நேரத்தில் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் பதிவில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும், மூன்று வட்டுகளும் தம் நலத்தைத் தாமே குறித்துவைக்கும் ஸ்மார்ட் அட்டவணையையும் இங்கே தாருங்கள். கழற்றி வைத்திருக்கும் வட்டையும் விட்டுவிடாதீர்கள்.

சாட்ஸ்வொர்த் பள்ளிக்கணினி எழுதியது:

நன்றி தம்பி. மறுகட்டமைப்பு நின்ற நொடியில் கர்னல் எழுதியதன் சாரம் இது: எஸ்டிஏ வட்டில் 2789825592 என்ற செக்டரைப் படிக்க முடியவில்லை. அடுத்த வரியில், அணியின் 2789561344 என்ற இடத்தில் மீட்க முடியாத வாசிப்புப் பிழை. அதற்கடுத்து, மறுகட்டமைப்பு இடைநிறுத்தப்பட்டது.

புதிய வட்டின் ஸ்மார்ட் அட்டவணையில் குறை ஒன்றும் தெரியவில்லை. எஸ்டிஏ, அதாவது அணியில் மீதமிருக்கும் பழைய வட்டு, 5-ஆம் வரியில் (உதிரி இடத்துக்கு மாற்றப்பட்ட செக்டர்கள்) 0 காட்டுகிறது, 197-ஆம் வரியில் 24 காட்டுகிறது, ஓடிய நேரம் 13,412 மணி. இழுப்பறையில் இருந்த வட்டை வேறொரு கணினியில் மாட்டிப் பார்த்தேன்: 5-லும் 197-லும் 0, ஆனால் 199-ல் 318.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஓய்வுபெற்றவன் எழுதியது:

அம்மா, இதைப் படித்தவுடன் அந்தக் கணினியை அணைத்துவிடுங்கள். நான்காவது முறை மறுகட்டமைப்பைத் தொடங்க வேண்டாம். மற்றதை நிதானமாகப் பேசுவோம்.

புதிய வட்டில் குறை இல்லை. குறை இருப்பது, நீங்கள் நல்லதென்று நம்பிக்கொண்டிருக்கும் எஸ்டிஏயில். மறுகட்டமைப்பு என்பது நல்ல வட்டின் முதல் செக்டரிலிருந்து கடைசிச் செக்டர் வரை ஒன்றையும் விடாமல் படித்து, புதியதில் எழுதும் வேலை. கோப்பு இருக்கிற இடமா, வெறும் இடமா என்ற வேறுபாடு அதற்குத் தெரியாது. நடுவில் ஒரு செக்டர் படிக்க முடியாமல் போனால், இரண்டு வட்டும் உயிரோடு இருக்கும் அணி மற்ற வட்டிலிருந்து அதே இடத்தைப் படித்து, கெட்ட இடத்தின்மேல் திரும்ப எழுதி, பழுதைத் தானே சரிசெய்துகொள்ளும். உங்கள் அணியில் கேட்பதற்கு மற்ற வட்டு இல்லை. ஒற்றை வட்டு என்பதால் அதை வெளியேற்றவும் அணியால் இயலாது. ஆகவே மறுகட்டமைப்பைக் கைவிடுவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. 197-ஆம் வரியின் 24 என்பது, படிக்க முடியாமல் காத்திருக்கும் 512 பைட் செக்டர்களின் எண்ணிக்கை. இக்கால வட்டுகள் உள்ளே 4096 பைட் அலகில் எழுதுவதால் எட்டெட்டாகவே கெடும். மொத்தம் மூன்று இடங்கள் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். இன்று மூன்று. ஒவ்வொரு முயற்சியிலும் அந்த வட்டு முழு ஓட்டம் ஓடுகிறது, கெட்ட இடத்தில் முட்டி முட்டிப் பல நொடிகள் போராடுகிறது. நாளைக்கு அது முப்பதாகலாம், அல்லது வட்டு எழாமலே போகலாம்.

இவ்வளவு காலம் இது ஏன் தெரியவில்லை என்று கேட்பீர்கள். பத்து ஆண்டுகளாக யாரும் திறக்காத கோப்பு இருக்கும் இடத்தை வட்டு தானாகப் போய்ப் படிப்பதில்லை. அதற்காகத்தான் டெபியன் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு, நள்ளிரவு கடந்து 00:57-க்கு அணி முழுவதையும் படித்து ஒப்பிடும் சோதனையைத் தானாக ஓட வைத்திருந்தது. உங்களிடம் ஒரு கேள்வி: சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் கணினியை அணைத்துவிடுவீர்களா?

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அணியை மறந்துவிடுங்கள். முதல் வேலை எஸ்டிஏயைப் படியெடுப்பது. வாங்கிய புதிய வட்டையே அதற்குப் பயன்படுத்தலாம். சிஸ்டம்ரெஸ்க்யூ போன்ற மீட்பு லினக்ஸ் ஒன்றை யூஎஸ்பியில் போட்டு அதிலிருந்து கணினியை எழுப்புங்கள். அது அணியைத் தானாக எழுப்பியிருந்தால் உடனே நிறுத்துங்கள். பிறகு எஸ்டிஏக்கான கட்டளைக் காத்திருப்பு நேரத்தை 30 நொடியிலிருந்து 180-க்கு உயர்த்துங்கள். லினக்ஸ் இயல்பாக 30 நொடிதான் பொறுக்கும், ஆனால் மேசைக்கணினி வட்டுகள் ஒரு கெட்ட செக்டரோடு இரண்டு நிமிடங்கள் வரைகூட மல்லுக்கட்டும். அதற்குள் கர்னல் பொறுமையிழந்து இணைப்பையே துண்டித்து மீட்டமைத்தால், மூன்று இடங்களின் பழுது முழு வட்டின் பழுதாகத் தோன்றிவிடும். சேமிப்புப் பெட்டிகளுக்கான வட்டுகளில் இந்த முயற்சியை 7 நொடியில் கைவிடச் சொல்லும் வசதி உண்டு. உங்கள் வட்டு அதை ஏற்காது என்றே நினைக்கிறேன், கேட்டுப் பாருங்கள்.

படியெடுக்கச் சாதாரண டிடி நிரல் வேண்டாம், பழுதான வட்டுகளுக்கென்றே உள்ள ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ பயன்படுத்துங்கள். முதல் சுற்றில் எளிதாகப் படிக்கக்கூடியதை எல்லாம் எடுத்துவிட்டு, முரண்டு பிடிக்கும் இடங்களைத் தாண்டிப் போகச் சொல்லுங்கள். இரண்டாம் சுற்றில் அந்த இடங்களை மட்டும் மூன்று முறை முயலச் சொல்லுங்கள். எது எடுத்தாயிற்று, எது எடுக்கவில்லை என்று அது குறித்துவைக்கும் வரைபடக் கோப்பு மூன்றாவதாக ஒரு வட்டில் அல்லது யூஎஸ்பியில் இருக்க வேண்டும். அது இருந்தால் நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து மூலத்தையும் படியையும் மாற்றிக் கொடுத்துவிடுவது. யூஎஸ்பியிலிருந்து எழும்போது எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் இடம் மாறும். பெயரை நம்பாதீர்கள். வட்டின் மேலுள்ள வரிசை எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைத் தாளில் எழுதி வட்டின்மேல் ஒட்டி, கட்டளையைத் தட்டும் முன் திரையிலுள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். பக்கத்தில் இன்னொருவர் நின்று உரக்கப் படித்துச் சரிபார்த்தால் இன்னும் நல்லது. நான் பணியிலிருந்தபோது இந்த ஒரு விதியை மட்டும் யாருக்காகவும் தளர்த்தியதில்லை.

லெனேசியா இளவல் எழுதியது:

ஐயா சொல்வது புரிகிறது, ஆனால் இன்னும் எளிய வழி இருக்கிறதே. கெட்ட செக்டரின் எண் தெரிந்துவிட்டது. எச்டிபார்ம் என்ற வட்டுக் கருவி நிரலைக் கொண்டு அந்த இடத்தில் பூஜ்ஜியங்களை எழுதினால் வட்டு அதை உதிரி இடத்துக்கு மாற்றிக்கொள்ளும், மறுகட்டமைப்பு ஓடி முடிந்துவிடும். அல்லது அணியில் கெட்ட இடப் பட்டியலைச் சேர்த்துவிட்டால் அதைத் தாண்டிப் போகும். அதுவும் வேண்டாமென்றால், இரண்டும் சரியாக இருக்கின்றன என்று அறிவித்து அணியைப் புதிதாக உருவாக்கிவிடலாம் என்று ஒரு வழிகாட்டியில் படித்தேன்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஓய்வுபெற்றவன் எழுதியது:

தம்பி, மூன்றும் உண்மையில் இருக்கிற வசதிகள்தான், இல்லாததைச் சொல்லவில்லை. ஆனால் இந்த நிலையில் மூன்றையும் செய்யக் கூடாது. ஏன் என்று சொல்லிவிடுகிறேன், இதே குழப்பத்தில் பிறகு வருகிறவர்களுக்கும் உதவும்.

பூஜ்ஜியம் எழுதினால் அந்த இடத்தில் இருந்தது என்றென்றைக்கும் போய்விடும். இன்று படிக்க முடியாத செக்டர் நாளை பத்தாவது முயற்சியில் படிக்கப்படலாம். எழுதிவிட்டால் அந்த வாய்ப்பும் இல்லை. அது எந்தக் கோப்பின் பகுதி என்று தெரியும் முன் அழிப்பது சரியல்ல.

கெட்ட இடப் பட்டியல் என்பது எம்டிஏடிஎம் 3.3-லிருந்து வந்த வசதி. டெபியன் 7-ல் இருந்தது 3.2.5 ஆகையால் இந்த அணியில் அது இல்லை, அதனால்தான் மறுகட்டமைப்பு முற்றாக நிற்கிறது. அணியை எழுப்பும்போது அதைச் சேர்க்கலாம் என்பதும் உண்மை. சேர்த்தால் மறுகட்டமைப்பு முடியும், திரையில் இரண்டு வட்டும் நலம் என்று வரும், ஆனால் ஓட்டை ஓட்டையாகவே புதிய வட்டிலும் குறிக்கப்பட்டிருக்கும். நலம் என்று தெரிந்தபின் ஓட்டையைத் தேடிப் போகிறவர் மிகக் குறைவு.

மூன்றாவதுதான் மிகக் கொடியது. புதிதாக உருவாக்கும்போது, தரவு எங்கிருந்து தொடங்குகிறது என்ற தொடக்க இடைவெளியை எம்டிஏடிஎம்மின் இப்போதைய பதிப்பு தன் போக்கில் தேர்ந்தெடுக்கும். 2013-ல் வைத்ததும் இன்று வைப்பதும் வேறுபட்டால், கோப்பு முறைமை (கோப்புகளை வட்டில் ஒழுங்குபடுத்தி வைக்கும் அமைப்பு) தன் தலைப்பைத் தேடும் இடத்தில் வேறெதுவோ இருக்கும். அந்த நிலையில் பதறிப்போய் யாராவது பழுதுபார்க்கும் நிரலையும் எழுத்து அனுமதியோடு ஓட்டிவிட்டால், இருந்த நல்ல தரவும் கலைந்துவிடும். அப்படிக் கலைந்த ஓர் அணியோடு ஒரு குடும்பத்தார் என்னிடம் வந்திருக்கிறார்கள். பாதியைக்கூட என்னால் மீட்க முடியவில்லை.

சாட்ஸ்வொர்த் பள்ளிக்கணினி எழுதியது:

ஐயா, உங்கள் கேள்விக்கு முதலில் விடை: ஆம். 2023-ல் லோட்ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டு கடுமையாக இருந்த மாதங்களில், மின்சாரம் திரும்பி வரும்போது ஏற்படும் ஏற்றத்தால் கருவிகள் பழுதாகின்றன என்று அஞ்சி, வகுப்பு முடிந்த ஒரு மணிக்கு எல்லாவற்றையும் அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிடும் வழக்கம் பள்ளியில் வந்தது. அதற்கு முன்பும் இரவில் கணினி ஓடியதில்லை. ஆக அந்த ஞாயிற்றுக்கிழமைச் சோதனை எங்கள் கணினியில் ஒருமுறைகூட நடந்திருக்காது.

நீங்கள் சொன்னபடியே செய்தேன். வட்டுகளில் மூலம், படி என்று எழுதி ஒட்டி, என் மகள் வரிசை எண்ணைப் படிக்க, நான் திரையில் சரிபார்த்தேன். முதல் சுற்று ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆயிற்று. இரண்டாம் சுற்றுக்குப் பிறகும் மூன்று இடங்கள் வரவில்லை, ஒவ்வொன்றும் சரியாக 4096 பைட். மற்ற அனைத்தும் படியில் வந்துவிட்டன. இப்போது இந்த மூன்றும் எந்தெந்தக் கோப்புக்குரியவை என்று கண்டுபிடிப்பது எப்படி? ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பார்க்க வேண்டுமென்றால் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஓய்வுபெற்றவன் எழுதியது:

மிகவும் நல்லது. பெரிய ஆபத்து கடந்துவிட்டது. மூலத்தைக் கழற்றிப் பத்திரமாக வையுங்கள். படியில் அணியின் அடையாள எண்கூட அப்படியே வந்திருக்கும் என்பதால், மூலமும் படியும் ஒரே கணினியில் ஒன்றாக இருக்கும்போது அணியை ஒருபோதும் எழுப்பாதீர்கள். எது எதுவென்று அதற்குத் தெரியாது.

கோப்பைக் கண்டுபிடிக்கக் கணக்கு எளிது. உங்கள் பதிவில் இருந்த எண்ணையே எடுத்துக்கொள்கிறேன். வட்டின் செக்டர் 2789825592. அதிலிருந்து பிரிவு தொடங்கும் இடமான 2048-ஐயும், அணியின் தரவு தொடங்கும் இடைவெளியான 262144-ஐயும் கழியுங்கள். இரண்டாவது எண்ணை எம்டிஏடிஎம்மின் ஆய்வுக் கட்டளை காட்டும். இந்தக் காலத்து அணியில் இதுவாகத்தான் இருக்கும் என்று எண்ணுகிறேன், உறுதிசெய்துகொள்ளுங்கள். கழித்தால் 2789561400 வரும். கோப்பு முறைமையின் ஒரு கட்டம் 4096 பைட், அதாவது எட்டு செக்டர், ஆகவே எட்டால் வகுத்தால் 348695175. மீதியில்லாமல் வகுபடுவதே கணக்கு சரி என்பதற்கு ஓர் அடையாளம். இனி கோப்பு முறைமையை ஆராயும் டிபக்எஃப்எஸ் நிரலைப் படியின்மேல் வாசிப்புக்கு மட்டும் திறந்து, இந்தக் கட்டம் எந்த ஐநோடுக்குரியது, அதாவது எந்தக் கோப்பின் உள் எண்ணுக்குரியது, என்று கேளுங்கள். வருகிற ஐநோடுக்கு என்ன பெயர் என்று அடுத்துக் கேளுங்கள். கட்டம் யாருக்கும் உரியதல்ல என்று வந்தால் அது வெற்று இடம், கவலை விட்டது. கட்டம் 348695175-க்கு அருகில் மற்ற இரண்டும் இருந்தால் ஒரே கீறலாக இருக்கலாம்.

சாட்ஸ்வொர்த் பள்ளிக்கணினி எழுதியது:

இடைவெளி 262144-தான், கணக்கு அப்படியே பொருந்தியது. மூன்றில் ஒன்று வெற்று இடம். இன்னொன்று ஒரு தாலாட்டின் வேவ் கோப்பு. மூன்றாவது, அதாவது நீங்கள் கணக்கிட்டுக் காட்டிய அந்த 348695175, பழைய சேர்க்கைப் பதிவேட்டுப் படங்கள் அனைத்தையும் கட்டிச் சுருக்கி வைத்திருந்த ஜிஸிப் கோப்பில் விழுந்திருக்கிறது. அதைப் பிரித்துப் பார்த்தால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வந்ததும் பிழை என்று நின்றுவிடுகிறது. பதிவேட்டின் தாள்கள் 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நனைந்து கூழாகிவிட்டன, மறுபடி வருட முடியாது.

ஃபீனிக்ஸ் கம்பியும் கருவியும் எழுதியது:

அக்கா, மனம் தளராதீர்கள், இழுப்பறை வட்டு இருக்கிறது. நீங்கள் கொடுத்த ஸ்மார்ட் எண்களை மறுபடி பார்த்தேன். அதில் 5, 197 இரண்டும் 0, 199 மட்டும் 318. 199 என்பது வட்டுக்கும் தாய்ப்பலகைக்கும் நடுவில் தரவு சிதைந்து போன தடவைகளின் எண்ணிக்கை. வட்டின் தட்டுகளுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பெரும்பாலும் சாட்டா கேபிள்தான் காரணம். கடற்கரைக் காற்றில் பத்தாண்டுகள் இருந்த கேபிளின் முனையைக் கழற்றிப் பார்த்தால் மங்கிப்போயிருக்கும். எங்கள் பட்டறைக்கு இறந்துவிட்டது என்று வரும் வட்டுகளில் கேபிளை மாற்றியதும் எழுந்த வட்டுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆக, பிப்ரவரி 22 அன்று வெளியேற்றப்பட்டது பழுதான வட்டு அல்ல, பழுதான கேபிளில் தொங்கிய நல்ல வட்டு. அந்த ஜிஸிப் கோப்பை அதற்குப் பிறகு யாரும் மாற்றவில்லை என்றால், அது இழுப்பறை வட்டில் முழுதாக இருக்க வேண்டும். அதே வரைபடக் கோப்பைக் கொடுத்து, மூலமாக இழுப்பறை வட்டை வைத்து டிடிரெஸ்க்யூவை மறுபடி ஓட்டினால், விடுபட்ட மூன்று இடங்களை மட்டும் அதிலிருந்து எடுத்து நிரப்பிவிடும் அல்லவா, ஐயா?

பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஓய்வுபெற்றவன் எழுதியது:

தம்பி சரியான இடத்தில் கை வைத்தார். 199-ஐ நானும் பார்த்தேன், எஸ்டிஏயைக் காப்பாற்றும் அவசரத்தில் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

வரைபடக் கோப்பைக் கொண்டு நிரப்பும் முறை வேலை செய்யும். படியான இரண்டு வட்டுகளிலும் தரவுப் பகுதி செக்டருக்குச் செக்டர் ஒன்றே, இடைவெளியும் ஒன்றே. ஆனாலும் நான் அதைப் பரிந்துரைக்கவில்லை. இழுப்பறை வட்டு பிப்ரவரி 22-இல் நின்றுபோன வட்டு. படி ஜூன் வரை வந்த வட்டு. கெட்ட இடம் கோப்பு முறைமையின் சொந்தக் கணக்கு வைக்கும் கட்டமாக இருந்தால், பழைய கணக்கைப் புதிய வட்டில் ஒட்டியதாக ஆகிவிடும். இங்கே மூன்று இடமும் எவை என்று தெரிந்துவிட்டதால் அந்த அச்சம் இல்லைதான். ஆனால் வேண்டியது இரண்டு கோப்புகள் மட்டும். கோப்பாகவே எடுத்துவிடலாமே.

இழுப்பறை வட்டை வேறொரு கணினியில், புதிய கேபிளோடு, தனியாக மாட்டுங்கள். அணியை வாசிப்புக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு, ஒற்றை வட்டில் எழுப்பச் சொல்லுங்கள். கோப்பு முறைமையை ஏற்றும்போதும் வாசிப்புக்கு மட்டும் என்பதோடு, பதிவுக்குறிப்பை (முடிவுறாத மாற்றங்களைக் குறித்து வைத்திருப்பது) மீள ஓட்ட வேண்டாம் என்பதையும் சேர்த்துக் கொடுங்கள். இல்லையென்றால் எக்ஸ்ட்4 என்ற அந்தக் கோப்பு முறைமை அமைதியாக ஏதேனும் எழுத முயலும். அந்த இரண்டு கோப்புகளையும் யூஎஸ்பிக்கு எடுத்துக்கொண்டு, ஜிஸிப்பின் முழுமைச் சோதனையை ஓட்டுங்கள். ஜிஸிப் தனக்குள்ளேயே சரிபார்ப்பு எண் வைத்திருப்பதால் அதன் தீர்ப்பை நம்பலாம்.

வேவ் கோப்புக்கு அப்படி உள்ளே எதுவும் இல்லை, ஆகவே இப்படிச் செய்யுங்கள்: படியிலுள்ள கோப்பையும் இழுப்பறைக் கோப்பையும் பைட்டுக்குப் பைட் ஒப்பிடுங்கள். வேறுபாடு ஒரே ஒரு 4096 பைட் துண்டுக்குள் அடங்கி, படியில் அந்தத் துண்டு முழுவதும் பூஜ்ஜியமாக இருந்தால், இழுப்பறைக் கோப்புதான் முழுமையானது. ஒலியைப் பொறுத்தவரை, வினாடிக்கு 44,100 மாதிரி, 16 பிட், இரு தடம் என்றால் ஒரு வினாடிக்கு 176,400 பைட். 4096 பைட் என்பது ஏறக்குறைய 23 மில்லி வினாடி. மீட்க முடியாமல் போயிருந்தாலும் ஒரு சிறு துடிப்பாகத்தான் கேட்டிருக்கும். அதே 4096 பைட் சுருக்கிய கட்டில் விழுந்ததால், அதற்குப் பின்னுள்ள எல்லாமே படிக்க முடியாமல் போயிற்று. காப்பகத்துக்குரிய படங்களைச் சுருக்காமல், தனித்தனிக் கோப்புகளாக வையுங்கள். இடம் சற்றுக் கூடுதலாகப் பிடிக்கும், பிடிக்கட்டும்.

கோப்புகள் கையில் வந்த பிறகு, படியை மட்டும் வைத்து அணியை எழுப்பி, கோப்பு முறைமையை முதலில் எதையும் திருத்தாத முறையில் சோதித்து, இரண்டு கோப்புகளையும் மாற்றி வைத்து, அதன்பின் இரண்டாவது புதிய வட்டு ஒன்றைச் சேருங்கள். முடிந்தால் வேறு நிறுவனத்தின் வட்டாக வாங்குங்கள். ஒரே நாளில் ஒரே பெட்டியிலிருந்து வந்து ஒரே அளவு ஓடிய இரண்டு வட்டுகள், களைத்துப்போவதும் அடுத்தடுத்துத்தான்.

சாட்ஸ்வொர்த் பள்ளிக்கணினி எழுதியது:

இரண்டாவது வட்டுக்குப் பணம் ஒதுக்கப் பள்ளிக் குழுவின் கூட்டம் வரை காத்திருந்ததால் எழுதத் தாமதம், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒன்பது நாளும் கணினியை நான் திறக்கவே இல்லை.

இழுப்பறை வட்டு புதிய கேபிளில் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் எழுந்தது. ஜிஸிப் கோப்பு முழுமைச் சோதனையில் தேறியது. பிரித்ததில் பதிவேட்டின் எல்லாப் பக்கங்களும் வந்துவிட்டன, இப்போது அவை சுருக்காத தனிக் கோப்புகளாக இருக்கின்றன. வேவ் கோப்பை ஒப்பிட்டேன். வேறுபாடு ஒரே துண்டில்தான், படியில் அது முழுப் பூஜ்ஜியம். ஐயா சொன்ன 23 மில்லி வினாடி எப்படிக் கேட்கும் என்று அறிய ஓட்டையுள்ள கோப்பையும் ஓடவிட்டேன். ஆயா இரண்டாவது அடியைத் தொடங்க மூச்சு வாங்கும் இடத்தில் சிறு அறுபடல் இருந்தது. முழுக் கோப்பில் அந்த மூச்சு இருக்கிறது.

மறுகட்டமைப்பு 71.4-ஐக் கடந்து, நூறு வரை போய் முடிந்தது. உடனே முழு ஒப்பீட்டுச் சோதனையையும் ஓட்டினேன், பொருந்தாத செக்டர்களின் எண்ணிக்கை 0. பெட்டிக்குள் இருந்த இரண்டு சாட்டா கேபிள்களையும் மாற்றிவிட்டேன். எச்சரிக்கை மின்னஞ்சல் எனக்கும் இன்னும் இருவருக்கும் வரும்படி அமைத்து, சோதனை மடல் வந்து சேர்ந்ததையும் பார்த்துவிட்டேன். மாதச் சோதனையை முதல் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மாற்றியிருக்கிறேன். அன்று மட்டும் வகுப்பு முடிந்தபின் சோதனை முடியும் வரை எங்களில் ஒருவர் இருப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். இவையன்றி, எல்லாவற்றின் தனிப் பிரதி ஒன்று வெளி வட்டில், பள்ளிக்கு வெளியே ஒரு வீட்டில் இருக்கிறது.

கடைசியாக ஒரு கேள்வி. பழைய வட்டுகள் இரண்டையும் என்ன செய்வது? எறிய மனம் வரவில்லை.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஓய்வுபெற்றவன் எழுதியது:

இழுப்பறை வட்டில் ஸ்மார்ட்டின் நீண்ட தன்சோதனையை ஓட்டுங்கள். தேறினால் இன்னொரு வெளிப் பிரதிக்கு அதைப் பயன்படுத்தலாம், ஆனால் அதை மட்டுமே நம்பி எதையும் வைக்க வேண்டாம். எஸ்டிஏயை ஓராண்டு தொடாமல் வையுங்கள். இப்போது நாம் கவனிக்காத எதையேனும் அதில் தேட வேண்டி வரலாம். அதன் பிறகு, அதில் பிள்ளைகளின் பெயரும் முகவரியும் இருப்பதால், முழுவதும் அழித்துவிட்டுக் கழியுங்கள்.